மழை அரித்த மலைப்பாதைக்குத் தோள் கொடுப்பவர்கள்

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் எவ்வளவு தண்ணீர் என்று எப்போதாவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், அது சரியாக ஒரு லிட்டர். இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், வானிலைச் செய்திகளில் வரும் எண்களின் கனம் உங்களுக்கு உடனே புரிந்துவிடும்.

2017ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி, சனிக்கிழமை. அன்று தொடங்கி மறுநாள் வரை பினாங்கில் அடித்த புயல்மழையை உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். தீவின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதாவது ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 300 லிட்டர். ஜோர்ஜ்டவுன் தெருக்களில் இடுப்பளவு நீர் நின்றது. நள்ளிரவு தாண்டி இராணுவத்தின் உதவியைக் கேட்கும் நிலை மாநில அரசுக்கு வந்தது. ஏழு பேர் உயிரிழந்தார்கள்.

நகரத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். அதே இரவில் நகரத்துக்குப் பின்னால் நிற்கும் மலையில் நடந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. கொடிமலைச் சரிவுகளில் பல இடங்களில் மண் சரிந்தது. மலை இரயில் சேவை நிறுத்தப்பட்டது. தாவரவியல் பூங்காவிலிருந்து உச்சிக்கு ஏறும் ஜீப் பாதையும் நிலச்சரிவால் சேதமடைந்தது. காட்டுக்குள் ஓடும் ஒற்றையடிப் பாதைகள் சில இடங்களில் மரங்களால் அடைபட்டன, சில இடங்களில் பாதையே இல்லாமல் போனது.

தார்ச் சாலையைச் சரிசெய்ய அரசாங்கத்தின் இயந்திரங்கள் வரும். ஒற்றையடிப் பாதைக்கு யார் வருவார்கள்? இயந்திரம் ஏறிப் போக அங்கே இடமே கிடையாது. மண்வெட்டியும் கடப்பாரையும் தூக்கிக்கொண்டு நடந்துபோகத் தயாராக இருக்கும் மனிதர்கள்தான் வர வேண்டும். பினாங்கில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அவர்கள் செய்யும் வேலையில் எவ்வளவு அறிவியல் ஒளிந்திருக்கிறது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

யார் இவர்கள்?

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே பக்கம், தாவரவியல் பூங்காவின் வாசலை நெருங்கும்போது சாலையோரத்தில் வட்ட வடிவத் திறப்புள்ள ஒரு பழைய சுவர் நிற்கும். ‘மூன் கேட்’ என்பார்கள், நிலா வாசல். கொடிமலைக்கு நடந்தே ஏறுபவர்களுக்கு அது ஒரு முக்கியமான தொடக்க இடம். அங்கிருந்து புறப்படும் பாதை காட்டுக்குள் ஏறி, ஐந்தாம் நிலையத்தைத் தொட்டு, ஜீப் பாதையில் இருக்கும் 84ஆம் நிலையம் வரை கொண்டுபோய் விடும்.

அந்த 84ஆம் நிலையத்தில் ஏறி வருபவர்களுக்குத் தேநீர் கிடைக்கும். விலை கிடையாது. விருப்பமிருந்தால் உண்டியலில் ஏதாவது போடலாம். தண்ணீர் காய்ச்சுவது, கோப்பை கழுவுவது எல்லாமே தொண்டர்கள்தாம். பல ஆண்டுகளாகத் தினமும் விடியற்காலையில் மலையேறும் வழக்கமுள்ளவர்கள் இவர்கள். பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். மலையில் இப்படிப் பல ஓய்விடங்கள் உண்டு. பாதையில் படி கட்டியவர்களும், பிடித்து ஏறக் கயிறு கட்டியவர்களும், வடிகால் தோண்டியவர்களும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. சில பாதைகளின் அடிவாரத்தில் மணலைச் சிறுசிறு பைகளில் கட்டி வைத்திருப்பார்கள். ஏறுகிறவர் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு போய் மேலே போட்டுவிட்டு நடையைத் தொடர்வார். ஒருவர் இருபது மூட்டை சுமப்பதைவிட, இருபது பேர் ஒவ்வொரு பை சுமப்பது எளிது. கோத்தோங் ரோயோங் என்று பள்ளியில் படிக்கிறோமே, அதன் நடைமுறை இதுதான்.

இவர்களிடம் பொறியியல் பட்டம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் பட்டப்படிப்பில் கிடைக்காத ஒன்று இருக்கிறது. ஒரே பாதையில் வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கு முந்நூறு நாள் நடந்தவருக்கு, எந்த வளைவில் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்பது தெரியும். அது பெரிய தரவுக் களஞ்சியம்.

பாதையின் முதல் எதிரி மரமல்ல

புயலுக்குப் பிறகு ஒரு மலைப்பாதைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது விழுந்து கிடக்கும் மரம். அதை வெட்டி ஒதுக்கினால் பாதை சரியாகிவிட்டது என்று தோன்றும். அனுபவமுள்ள தொண்டர் மரத்தைத் தாண்டித் தரையைப் பார்ப்பார். மரம் விழுந்த சேதம் ஒருநாள் வேலையில் முடிந்துவிடும். தண்ணீர் செய்த சேதம் அடுத்த மழையில் பெரிதாகும், அதற்கடுத்த மழையில் இன்னும் பெரிதாகும்.

ஏன் என்று பார்ப்போம். காட்டுத் தரை ஒரு பஞ்சு போன்றது. உதிர்ந்த இலைகள், வேர்கள், மண்புழுவும் கரையானும் போட்ட துளைகள் எல்லாம் சேர்ந்து மழைநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பாதையில் அப்படியல்ல. ஆயிரக்கணக்கான காலணிகள் மிதித்து மிதித்து மண்ணின் துளைகளை நசுக்கிவிட்டிருக்கும். நீர் உள்ளே போக வழியில்லை. மேலே ஓடத்தான் வேண்டும். போதாக்குறைக்கு, நடைபட்ட பாதை நடுவில் குழிந்து ஒரு சிறு கால்வாய் போலவே ஆகிவிடுகிறது.

இப்போது தொடக்கத்தில் போட்ட கணக்கைக் கொண்டுவருவோம். ஒரு மீட்டர் அகலம், நூறு மீட்டர் நீளமுள்ள பாதைத் துண்டு ஒன்று. பரப்பு 100 சதுர மீட்டர். 300 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தத் துண்டின் மேல் மட்டும் 30,000 லிட்டர், அதாவது 30 டன் தண்ணீர் விழுகிறது. மேல்சரிவிலிருந்து வழிந்து வந்து சேரும் நீரை இதில் சேர்க்கவே இல்லை.

தண்ணீரின் அளவைவிட அதன் வேகம் ஆபத்தானது. ஓடும் நீரைப் பற்றி ஒரு பழைய விதி உண்டு. நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை இரண்டின் ஆறாம் அடுக்கு மடங்காகும். 2 × 2 × 2 × 2 × 2 × 2 = 64. மெதுவாக ஓடும்போது ஒரு கிராம் கூழாங்கல்லை நகர்த்திய நீர், இரண்டு மடங்கு வேகத்தில் 64 கிராம் கல்லை நகர்த்தும். உண்மையான ஓடைகளில் கல்லின் வடிவமும் தரையின் தன்மையும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும். ஆனாலும் சேதி ஒன்றே: நீரின் வேகத்தைச் சிறிதளவு குறைத்தாலும் அரிப்பு பெரிதளவு குறையும்.

எனவே பாதையைச் சீரமைப்பது என்றால், தண்ணீர் வேகம் பிடிப்பதற்கு முன்பே அதைப் பாதையைவிட்டு வெளியே அனுப்பிவிடுவது. தொண்டர்களின் மற்ற வேலைகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஐந்து சென்டிமீட்டர் சாய்வு

அதை எப்படிச் செய்கிறார்கள்?

மலைச்சரிவைக் குறுக்காகக் கடக்கும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். பாதையின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தால், மேலிருந்து வரும் நீர் பாதையைக் குறுக்கே கடந்து மெல்லிய தகடாகப் பள்ளத்தில் இறங்கிவிடும். ஒரு மீட்டர் அகலத்துக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் சாய்வு போதும். நடப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

காலப்போக்கில் என்ன ஆகிறதென்றால், மிதிபட்டு விலகும் மண் வெளி விளிம்பில் வயல்வரப்பு போலச் சேர்ந்துவிடுகிறது. நீர் வெளியே போக முடியாமல் பாதையோடு ஓடத் தொடங்குகிறது. புயலுக்குப் பிந்தைய சீரமைப்பில் அதிகம் பலன் தரும் வேலை இந்த வரப்பை வெட்டி விடுவதுதான். பார்ப்பதற்கு ஒன்றுமே செய்யாதது போலிருக்கும். படமெடுத்துப் போட்டால் யாரும் பாராட்டவும் மாட்டார்கள்.

பாதை செங்குத்தாக இறங்கும் இடங்களில் சாய்வு மட்டும் உதவாது. அங்கே மரக்கட்டையையோ நீளமான கல்லையோ பாதைக்குக் குறுக்கே புதைத்து நீரைத் திருப்புவார்கள். இதில்தான் புதிதாக வருபவர்கள் தடுமாறுவார்கள். கட்டையை நேர்க்குறுக்காக, செங்கோணத்தில் வைத்தால் நீர் அதில் மோதி நிற்கும். சுமந்து வந்த மண்ணை அங்கேயே போட்டுவிடும். சில மழைகளிலேயே கட்டையின் மேற்புறம் மண்ணால் நிரம்பி, நீர் அதன்மேல் ஏறிக் குதித்து, கீழே குழி பறிக்கும். கட்டையை 45 பாகை அளவில் சாய்த்து வைத்தால் நீர் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போகும், மண்ணையும் தன்னோடு எடுத்துச் செல்லும். சரிவு கூடக்கூட, கட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் குறைக்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி ஒன்றும் இருக்கிறது. இறங்கி வரும் பாதையைச் சில அடி தூரம் மட்டும் மெல்ல ஏறவைத்து, பிறகு மறுபடி இறங்கவைப்பது. நீருக்கு மேடு ஏறத் தெரியாது. அந்தத் தாழ்வான இடத்தில் அது பக்கவாட்டில் வெளியேறித்தான் ஆக வேண்டும். கட்டை மக்கிப்போகும், மண்ணின் இந்த வளைவு பல ஆண்டுகள் நிற்கும்.

பாதை எந்த அளவு சரிவாக இருக்கலாம் என்பதற்கும் ஒரு கைக்கணக்கு உண்டு. மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் பாதையின் சாய்வு இருக்கக் கூடாது. மலை 40 விழுக்காடு சரிந்தால் பாதை 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நீர் பாதையைக் குறுக்கே கடப்பதைவிட, பாதை வழியே ஓடுவதையே விரும்பும். தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படிகள் நேராக ஏறுகின்றனவே என்று கேட்பீர்கள். அவை உறுதியாகக் கட்டப்பட்ட படிகள். அதே நேர்கோட்டை வெறும் மண்ணில் போட்டால் ஒரு பருவமழை அதை ஓடையாக்கிவிடும். வளைந்து வளைந்து ஏறும் பாதையில் பொறுமையிழந்து குறுக்கே இறங்குகிறார்கள் பாருங்கள், அவர்கள் காலடியில் உருவாகும் குறுக்குவழி அப்படிப்பட்ட நேர்கோடுதான். குறுக்குவழிகளைக் கிளைகள் போட்டு அடைப்பதும் தொண்டர்களின் வேலைப் பட்டியலில் உண்டு. அடைத்ததை மறுவாரமே யாராவது ஒதுக்கிவிட்டு இறங்கியிருப்பார்கள் என்பது வேறு கதை.

இலையைக் கூட்டலாமா?

காலையில் துடைப்பத்தோடு வந்து பாதையிலுள்ள இலைகளைச் சுத்தமாகக் கூட்டித் தள்ளும் நல்ல மனம் படைத்தவர்களும் உண்டு. ஈர இலை வழுக்கும், வயதானவர்கள் விழுந்துவிடுவார்கள் என்ற கவலை நியாயமானது. கல்படிகளிலும் வடிகாலிலும் கூட்டுவது சரியே. மண்பாதை முழுவதையும் கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. காரணம் சொல்கிறேன்.

பெரிய மழைத்துளி விநாடிக்கு ஏறத்தாழ ஒன்பது மீட்டர் வேகத்தில் விழுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் வெறும் மண்ணில் மோதும்போது மண்துகள்கள் தெறித்துப் பிரிகின்றன. உயரமான மரங்கள் துளியைத் தடுத்துக் காப்பாற்றும் என்று நினைக்கிறோம். ஆனால் இலை நுனிகளில் சேர்ந்து சொட்டும் துளிகள் சாதாரண மழைத்துளியைவிடப் பெரிதாக இருக்கும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அவை மீண்டும் ஏறக்குறைய முழு வேகத்தை அடைந்துவிடும். மண்ணை உண்மையில் காப்பது தரையில் கிடக்கும் இலைச்சருகுதான்.

விழுந்த மரத்தில் ஒளிந்திருக்கும் விசை

இப்போது மரத்துக்கு வருவோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது மரத்தின்மேல் செலுத்தும் அழுத்தம் நான்கு மடங்காகும். மழைக்காட்டு மரங்களின் வேர்கள் பெரும்பாலும் ஆழமாகப் போவதில்லை, மேல்மண்ணில்தான் பரந்து கிடக்கும். மண் நீரில் ஊறி இளகியிருக்கும் நேரத்தில் காற்றும் அடித்தால் மரம் வேரோடு சாய்கிறது. உச்சியில் கொடிகள் பல மரங்களைப் பின்னிக் கட்டியிருந்தால், ஒன்று விழும்போது பக்கத்து மரத்தையும் இழுத்துக்கொண்டு விழும். 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி வட மாநிலங்களை உலுக்கிய காற்று நினைவிருக்கிறதா? தொலைவில் சீனக் கடலோரத்தை நெருங்கிக்கொண்டிருந்த லெக்கிமா சூறாவளியின் தாக்கம் அது. பினாங்கில் கூரைகள் பறந்தன, மரங்கள் சாய்ந்தன.

சூறாவளி நம்மை ஏன் நேராகத் தாக்குவதில்லை என்ற கேள்வி எழும். பூமி சுழல்வதால், நகரும் காற்று வளைந்து போகிறது. அந்த வளைவுதான் புயலுக்குச் சுழற்சியைத் தருகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகே அந்த விளைவு மிகக் குறைவு. பினாங்கு 5 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. அதற்காக நமக்கு விலக்குச் சீட்டு கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 2001 டிசம்பரில் வாமேய் என்ற புயல் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கே உருவாகி ஜொகூரில் கரையேறியது. 2017இல் போல, சூறாவளியாக வளராத காற்றழுத்தத் தாழ்வுகூட மலையைக் கரைக்கும் அளவு மழையைக் கொண்டுவந்துவிடும்.

விழுந்த மரத்தை வெட்டுவது பார்ப்பதற்கு எளிது. உங்களிடமுள்ள அழிப்பானை எடுத்து, அதன் பக்கவாட்டில் பேனாவால் நெருக்கமாகக் கோடுகள் போடுங்கள். இப்போது வளைத்துப் பாருங்கள். வெளிப்புறத்தில் கோடுகள் விலகும், உட்புறத்தில் நெருங்கும். வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் நசுங்குகிறது. இரண்டு மேடுகளுக்கு நடுவே பாலம்போல் கிடக்கும் மரத்திலும் இதுவே நடக்கிறது. மேல்பக்கம் நசுங்கியிருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலிருந்து மட்டும் அறுத்துக்கொண்டே போனால் வெட்டு மூடிக்கொண்டு இரம்பத்தைக் கவ்விவிடும். இழுபட்ட பக்கத்தைத் தவறான நேரத்தில் அறுத்தால் மரம் வெடித்துத் துள்ளும். வேரோடு பெயர்ந்த மரமாக இருந்தால் இன்னொரு அபாயம்: தண்டை அறுத்ததும், அதன் எடை நீங்கியதால், பெயர்ந்து நிற்கும் வேர்த்தட்டு திடீரென்று பழைய குழிக்குள் திரும்பி விழலாம். அந்தக் குழிக்குள் யாரும் நின்றுவிடக் கூடாது. மேலே முறிந்து தொங்கும் கிளைகளையும் பார்க்க வேண்டும்.

இதனால்தான் அமெரிக்காவில் தேசியக் காடுகளில் இயந்திர இரம்பம் பிடிக்கும் தொண்டர்கள் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அங்கே 14 மாநிலங்களைக் கடந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் நடைபாதையைப் பராமரிப்பதில் பெரும்பங்கு தொண்டர் கழகங்களுடையது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அதன் தென்பகுதியைச் சிதைத்தபோது, சான்று பெற்ற இரம்பக்காரர்கள் முதலில் போனார்கள். மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால் கிளைகளை இழுத்துப் போட்டும், வடிகால் தோண்டியும் வேலை செய்தார்கள். பள்ளி மாணவர்கள் உதவப் போனால் உங்களுக்கும் இந்த இரண்டாவது வேலைதான். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். வரப்பை வெட்டுவதால் வரும் பலனை முன்பே பார்த்தோம்.

வெட்டிய மரம் முழுவதையும் அப்புறப்படுத்த வேண்டியதில்லை. பாதையின் அகலத்துக்கு மட்டும் அறுத்து, மீதியை அப்படியே விட்டுவிடுவது நல்லது. அது காளான்களுக்கும் வண்டுகளுக்கும் உணவு. மரம் விழுந்த இடைவெளியில் வெயில் இறங்கியதும், பல ஆண்டுகளாக நிழலில் காத்திருந்த நாற்றுகள் போட்டிபோட்டு எழும். கொடிமலையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் 2021 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. 12,000 ஹெக்டருக்கு மேற்பட்ட அந்தப் பரப்பில், விழுந்த மரமும் காட்டின் ஒரு பகுதியே.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

தொண்டர்கள் கைவைக்கக் கூடாத சேதமும் உண்டு. அது நிலச்சரிவு.

கடற்கரையில் மணல்வீடு கட்டியிருப்பீர்கள். காய்ந்த மணல் நிற்காது. சற்று ஈரமான மணல் நன்றாக நிற்கும். வாளித் தண்ணீரை ஊற்றினால் குழைந்து சரியும். ஏன்? மணல் துகள்கள் ஒன்றோடொன்று அழுந்தி உராய்வதால்தான் சரிவு நிற்கிறது. துகள்களுக்கிடையே நீர் முழுமையாக நிரம்பும்போது, அந்த நீரின் அழுத்தம் துகள்களை விலக்கித் தள்ளுகிறது. உராய்வு குறைகிறது, எடையோ கூடுகிறது. பினாங்கு மலைகள் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை. வெப்பமும் மழையும் அந்தக் கல்லை நெடுங்காலமாகச் சிதைத்து, பாறைக்கு மேல் தடிமனான மண்போர்வையை உண்டாக்கியிருக்கின்றன. நீண்ட மழையில் அந்தப் போர்வை ஊறி வழுக்குகிறது. மழை நின்ற பிறகும் உள்ளே நீர் இறங்கிக்கொண்டே இருப்பதால், மறுநாள் வெயில் அடித்தாலும் சரிவு பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

அப்படிச் சரிந்த இடத்தில் இருபது பேர் நின்று மண்ணை வெட்டினால், சரிவின் அடியைத்தான் வெட்டுகிறார்கள். மேலே நிற்கும் மண்ணைத் தாங்கிக்கொண்டிருப்பது அந்த அடிதான். நிலத்தொழில்நுட்பப் பொறியாளர் வந்து பார்க்கும் வரை அங்கே கயிறு கட்டி வழியை மூடுவதுதான் தொண்டர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. மாற்றுவழி போடுவதற்கும் அனுமதி வேண்டும். 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழைவதற்கே அனுமதி தேவை. கொடிமலையில் பல இடங்கள் கொடிமலைக் கழகத்தின் பொறுப்பில் உள்ளன, சில தனியார் நிலங்கள். நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் போதும் என்று மண்வெட்டியோடு கிளம்பிவிட முடியாது.

ஒரு நடைபாதைக்கு ஏன் இத்தனை அக்கறை என்று கேட்கலாம். பாதையில் அரித்த மண் மாயமாகிவிடுவதில்லை. தாவரவியல் பூங்கா வழியே வரும் ஆயர் தெர்ஜூன் ஆறு பினாங்கு ஆற்றில் கலந்து, ஜோர்ஜ்டவுன் வழியாகக் கடலுக்குப் போகிறது. மலையில் அரிக்கும் மண் இப்படிப்பட்ட ஓடைகளின் அடியில் படிந்து அவற்றின் ஆழத்தைக் குறைக்கிறது. ஆழம் குறைந்த ஆறு விரைவில் கரை தாண்டும். 1962இல் கட்டி முடிக்கப்பட்ட ஆயர் ஈத்தாம் அணைக்கு நீர் வருவதும் இந்த மலைகளிலிருந்தே. ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஆற்றுக்கு வரும் மண்ணில் ஒற்றையடிப் பாதைகளின் பங்கைவிட, மலையைத் திறந்துபோடும் நில மேம்பாட்டின் பங்கு மிகப் பெரிதாக இருக்கும். பாதைத் தொண்டர்கள் அதைத் தடுத்துவிட முடியாது. ஆனால் மலைக்குள் தினமும் போகிறவர்கள் என்பதால், புதிதாக வெட்டப்பட்ட சரிவை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தாம். 2016இல் தொடங்கப்பட்ட ‘பினாங்கு ஹில்ஸ் வாட்ச்’ என்ற குடிமக்கள் முயற்சி, மலை வெட்டப்படும் இடங்களைப் பொதுமக்களின் கண்களைக் கொண்டே கண்காணிக்கிறது.

பள்ளியில் செய்து பார்க்க

இரண்டு நீளமான தட்டுகளில் மண்ணை அழுத்தி நிரப்புங்கள். ஒவ்வொன்றிலும் நடுவில் விரலால் ஒரு பாதை இழுங்கள். ஒரு முனையைப் புத்தகங்களின்மேல் தூக்கி வையுங்கள், இரண்டுக்கும் ஒரே உயரம். முதல் தட்டை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் ஐஸ்கிரீம் குச்சிகளைப் பாதைக்குக் குறுக்கே 45 பாகை சாய்வில், சம இடைவெளியில் புதையுங்கள். ஒவ்வொரு குச்சியின் கீழ்முனைக்கும் எதிரே ஓரத்து மண்ணைத் திறந்துவிட மறக்காதீர்கள். மூடியில் துளையிட்ட புட்டியால் இரண்டிலும் ஒரே அளவு நீர் ஊற்றி, பாதையின் கீழ்முனையில் வந்து சேரும் மண்ணை வடிகட்டிக் காயவைத்து எடை போடுங்கள். பிறகு குச்சிகளைச் செங்கோணத்தில் மாற்றி வைத்து மீண்டும் செய்யுங்கள். இலைச்சருகு பரப்பி நான்காவது முறையும் செய்யலாம். எண்களை ஓர் அட்டவணையில் எழுதுங்கள்.

உண்மையான பாதையில் செய்யக்கூடிய சோதனை இதைவிட எளிது. பெரியவர் ஒருவரோடு, மின்னல் இல்லாத சாதாரண மழைநாளில், பூங்காவை ஒட்டிய தாழ்வான பாதை ஒன்றில் குடையோடு நடந்து பாருங்கள். நீர் எங்கே பாதைக்குள் வருகிறது, எங்கே வெளியேறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாத விவரம் அது. கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் மட்டும் வீட்டிலேயே இருங்கள்.

மலையில் நடக்கும்போது பாதைக்குக் குறுக்கே பிறைபோல் வளைந்த புதிய வெடிப்பு தெரிந்தாலோ, நேராக நின்ற மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தாலோ, முன்பு ஊற்று இல்லாத இடத்தில் கலங்கிய நீர் கசிந்தாலோ, அங்கே நிற்காதீர்கள். வந்த வழியே திரும்புங்கள். பாதுகாப்பான தூரத்திலிருந்து படம் எடுத்து, கடைசியாகக் கடந்த நிலையத்தின் எண்ணையும் நேரத்தையும் குறித்து, கொடிமலைக் கழகத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவியுங்கள். கீழே இறங்கும் வழியில் எதிரே ஏறி வருபவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.